'டொர்னாடோ'ன்னு சொல்லக் கூடாது!

1996-ல வந்த 'ட்விஸ்டர்' படம் பார்த்திருக்கீங்களா? படத்தோட ஆரம்பத்துல, 1969-ல நடக்கிற மாதிரி ஒரு காட்சி வரும். ராத்திரி நேரம், ஒரு பண்ணை வீடு, உள்ளே டிவி ஓடிக்கிட்டிருக்கும். அந்த டிவியில ஒருத்தர் புயல் எச்சரிக்கை சொல்லிக்கிட்டிருப்பார். அவர் நடிகர் இல்லை. நிஜமாவே ஒக்லஹோமா சிட்டியில 41 வருஷம் டிவியில வானிலை சொன்ன மனுஷர். பேரு கேரி இங்க்லண்ட். பேர்லதான் இங்கிலாந்து, ஆள் அசல் ஒக்லஹோமாக்காரர் :-)

டல்லாஸ் பக்கம் ஆன்சைட்ல பொட்டி தட்டிக்கிட்டிருந்த ஒன்றரை வருஷத்துலதான் இவர் பேரே எனக்குத் தெரியும். ஆபீஸ்ல ஒக்லஹோமாக்காரங்க யாராவது இருந்து, வானத்துல கொஞ்சம் கருப்பு ஏறினாப் போதும், கேரி பேச்சு வந்துரும். அவங்களுக்கு அவர் வீட்டுப் பெரியவர் மாதிரி. அப்படி என்னதான் செஞ்சார்னு தேட ஆரம்பிச்சதுல கிடைச்ச கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு விளக்கம். டொர்னாடோவை நம்ம வங்கக் கடல் புயல் மாதிரி நினைச்சுக்காதீங்க. தமிழ்ல ரெண்டையுமே சூறாவளின்னு எழுதிடறோம், ஆனா ரெண்டும் வேற வேற சாதி. கடல் புயல் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலம். நாலு நாள் முன்னாடியே தெரியும், பேர் வைக்கலாம், கூண்டு ஏத்தலாம், பால் பாக்கெட் வாங்கி வைக்கலாம். டொர்னாடோ அப்படி இல்ல. இடி மேகத்துக்கு அடியில தொங்குற ஒரு சுழல். பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான் அகலம். பல டொர்னாடோக்கள் பத்து நிமிஷத்துல முடிஞ்சே போயிடும். இந்தத் தெருவுல வீடு இருக்கும், அடுத்த தெருவுல தரை மட்டும்தான் இருக்கும். இன்னிக்குத் தேதியில இவ்வளவு கம்ப்யூட்டர், சாட்டிலைட் எல்லாம் வெச்சுக்கிட்டே சராசரியா பத்து நிமிஷத்தை ஒட்டித்தான் முன்னறிவிப்பு தர முடியுது.

அந்தப் பத்து நிமிஷம் எப்படி வந்துச்சுங்கறதுதான் கதை. அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு.

1884-ல அமெரிக்க ராணுவத்தோட சிக்னல் படையில ஜான் ஃபின்லின்னு ஒரு சார்ஜண்ட் இருந்தார். வானிலைத் துறை அப்ப ராணுவத்துக்குக் கீழதான் இருந்துச்சு. இவர் மூணு மாசம் இன்னின்ன வட்டாரத்துல இன்னிக்கு டொர்னாடோ வரும், வராதுன்னு கணிச்சுப் பார்த்தார். மொத்தம் 2803 கணிப்பு. அதுல 96.6 சதவீதம் சரி! அசத்தல் இல்லையா? அப்ப கில்பர்ட்னு ஒரு நிலவியல் அறிஞர் வந்து ஒரு ஊசியைக் குத்தினார். ஃபின்லி எதையுமே யோசிக்காம, எல்லா நாளும் 'வராது'ன்னு மட்டும் சொல்லியிருந்தா 98.2 சதவீதம் சரியா இருந்திருக்கும்!

எப்படின்னா, அந்த 2803-ல நிஜமா டொர்னாடோ வந்தது 51 தடவைதான். ஃபின்லி 100 தடவை வரும்னு சொன்னார், 28 தடவை வந்துச்சு. சொல்லாம விட்டது 23. வெறும் சதவீதத்தைப் பார்த்தா வாயை மூடிக்கிட்டு இருக்கிறவன் ஃபின்லியை விடப் புத்திசாலி. நம்ம துறையில மெஷின் லேர்னிங் படிக்கிறவங்களுக்கு முதல் வாரத்துலயே சொல்லித் தர்ற பாடம் இது. அபூர்வமான விஷயத்தைக் கண்டுபிடிக்க 'அக்யூரசி'யை நம்பாதே. ஆயிரத்துல ஒரு கார்டுதான் திருட்டுக் கார்டுன்னா, எல்லாமே நல்ல கார்டுன்னு சொல்ற ப்ரோக்ராமுக்கு 99.9 மார்க் கிடைச்சிடும். ஆனா அந்த ப்ரோக்ராமால யாருக்கு என்ன பிரயோஜனம்? ஃபின்லி சரியாச் சொன்ன அந்த 28-க்குத்தான் மதிப்பு.

அதிகாரிகள் அந்தப் பக்கத்தைப் பார்க்கல. 1880-களோட பிற்பாதியில ஃபின்லியோட வேலையை ஓரங்கட்டிட்டாங்க. அதோட நிக்காம, வானிலை அறிக்கையில 'டொர்னாடோ'ங்கற வார்த்தையே வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. காரணம்? மக்கள் பீதி அடைஞ்சிடுவாங்களாம். டொர்னாடோவை விட பீதியால அதிகச் சேதம் வந்துடுமாம். ராணுவத்துக்கிட்ட இருந்து வானிலைத் துறை சிவில் நிர்வாகத்துக்கு மாறின பிறகும் இந்தப் பழக்கம் மாறல. 1938 வரைக்கும் தடை. தடை தளர்ந்த பிறகும் அந்த வார்த்தையை வாயில எடுக்கவே தயக்கம். ரொம்ப மோசம்னா 'கடுமையான இடியுடன் கூடிய மழை'ன்னு எழுதுவாங்க.

சொல்லாம இருக்கிறதுல ஒரு வசதி இருக்கு பாருங்க. எச்சரிக்கை விட்டு டொர்னாடோ வரலைன்னா ஊரே திட்டும். விடாம இருந்து வந்துட்டா, 'இயற்கைப் பேரிடர், யார் என்ன பண்ண முடியும்'னு முடிச்சிடலாம். மௌனத்துக்குத் தண்டனையே கிடையாது.

தண்டனையை வேற யாரோ அனுபவிச்சாங்க. 1947 ஏப்ரல் 9. டெக்சாஸ்ல கிளேசியர், ஹிக்கின்ஸ்னு ரெண்டு சின்ன ஊர்களைத் தரைமட்டமாக்கிட்டு ஒரு புயல் மேகம் வடகிழக்கே ஒக்லஹோமாவுக்குள்ள நகர்ந்துச்சு. ராத்திரி 8:42-க்கு வுட்வர்டுங்கற ஊரைத் தாக்குச்சு. கிளேசியருக்கும் வுட்வர்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு. அந்த நேரத்துல வுட்வர்டுக்கு ஒரு எச்சரிக்கை வரல. எச்சரிக்கை விடுற ஏற்பாடே நாட்டுல இல்லை. போதாக்குறைக்கு அந்த வாரம் நாடு முழுக்க டெலிபோன் ஊழியர்கள் வேலை நிறுத்தம் வேற. வுட்வர்டுல மட்டும் 107 பேர் செத்துப் போனாங்க. எல்லா ஊரையும் சேர்த்தா 180-க்கு மேல.

அங்கேருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி சீலிங்னு ஒரு சின்ன ஊர். (நம்ம வீட்டுக் கூரை சீலிங் இல்லை, ஊர்ப் பேரே அதுதான்.) அந்த ஊர்ப் பையன்தான் கேரி இங்க்லண்ட். 1939-ல பிறந்தவர், அப்ப ஏழு வயசு. அந்தப் பக்கத்துல வளர்ற ஒரு பிள்ளைக்கு வானம்தான் பயம், வானம்தான் வேடிக்கை. புயல் மேல அவருக்கு இருந்த ஈர்ப்பு கடைசி வரைக்கும் போகல.

அடுத்த வருஷமே ஒரு திருப்பம். 1948 மார்ச் 20, ஒக்லஹோமா சிட்டிக்குப் பக்கத்துல டிங்கர் விமானப்படைத் தளம். டொர்னாடோ ஒண்ணு நேரா தளத்துக்குள்ள புகுந்து விமானங்களை நொறுக்கிட்டுப் போயிடுச்சு. சேதம் சுமார் ஒரு கோடி டாலர், அந்தக் காலத்துக் காசுல! தளபதிக்குக் கோபம். அங்க வானிலை பார்த்துக்கிட்டிருந்த மேஜர் ஃபாபுஷ், கேப்டன் மில்லர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமான்னு பாருங்கன்னுட்டார். ரெண்டு பேரும் பழைய வானிலை வரைபடங்களை எல்லாம் தோண்டினாங்க. அஞ்சு நாள் கழிச்சு, மார்ச் 25-ம் தேதி காலையில பார்த்தா, வரைபடம் 20-ம் தேதி மாதிரியே இருக்கு. ஒரே தளத்துல ஒரே வாரத்துல ரெண்டு தடவையா, யாராவது நம்புவாங்களா? யோசிச்சுப் பார்த்துட்டு, தயங்கித் தயங்கி 'வரலாம்'னு எழுதிக் கொடுத்தாங்க. விமானங்களை எல்லாம் பத்திரப்படுத்தினாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு டொர்னாடோ வந்தே வந்துடுச்சு, அதே தளத்துக்கு!

அறிவு வந்தாச்சு. ஆனா யாருக்கு? விமானப்படைக்கு மட்டும். தளத்துக்குள்ள இருக்கிற விமானத்துக்கு எச்சரிக்கை உண்டு, வேலிக்கு வெளியே இருக்கிற வீட்டுக்குக் கிடையாது. 1950-ல வானிலைத் துறைத் தலைவர் ரைக்கெல்டர்ஃபர் ஒரு சுற்றறிக்கை விட்டார், டொர்னாடோ கணிப்பைச் சொல்றதுக்கு எங்ககிட்ட தடை ஒண்ணும் இல்லைன்னு. காகிதத்துல சரி. நடைமுறையில தயக்கம் அப்படியேதான் இருந்துச்சு.

1952-ல அதை உடைச்சது ஒரு டிவிக்காரர். ஹாரி வோல்க்மேன், ஒக்லஹோமா சிட்டியில டபிள்யூ.கே.ஒய். டிவியில வானிலை சொல்றவர். டிங்கர் தளத்துல இருந்து ராணுவத்துக்குன்னு போற டொர்னாடோ கணிப்பு டிவி நிலையத்துக்கு எட்டிருச்சு. மேலாளர், "நீ சொல்லு, பார்த்துக்கலாம்"ங்கற மாதிரி தைரியம் கொடுத்தார். எங்க தன்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்களோன்னு பயந்ததா வோல்க்மேன் பின்னாடி சொல்லியிருக்கார். இருந்தாலும் கேமரா முன்னாடி நின்னு சொன்னார். பீதி எதுவும் வரல. நன்றி சொல்லித்தான் கடிதங்கள் வந்துச்சு. அறுபது வருஷத்துக்கும் மேல எதுக்குப் பயந்தாங்களோ, அது நடக்கவே இல்லை. அதே மாதத்துலதான் அரசாங்க வானிலைத் துறையும் பொதுமக்களுக்கு டொர்னாடோ கணிப்பு வெளியிட ஆரம்பிச்சுது.

வீட்டுல டிவி முன்னாடி உட்கார்ந்து வோல்க்மேனைப் பார்த்துத்தான் சின்னப் பையன் கேரி அப்பாகிட்ட, நான் இவர் மாதிரி ஆகணும்னு சொன்னாராம். அந்த வேலைக்கு என்ன பேருன்னு கூட அப்ப அவருக்குத் தெரியாது.

ஆசைப்பட்ட உடனே டிவி கிடைச்சிடல. பள்ளிப் படிப்பு முடிஞ்சதும் கடற்படையில சேர்ந்து அங்கதான் வானிலை வேலை கத்துக்கிட்டார். திரும்பி வந்து ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துல கணிதமும் வானிலையியலும் படிச்சு 1965-ல பட்டம். அந்தக் காலத்துல பல டிவிகள்ல வானிலை சொன்னவங்க வெறும் அறிவிப்பாளர்கள்தான். ஜோக் அடிப்பாங்க, குச்சியால வரைபடத்தைத் தட்டுவாங்க. இவர் அடிப்படையில கணக்குப் போடத் தெரிஞ்ச ஆள். அப்புறம் நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு கடல் வானிலை ஆலோசனை நிறுவனத்துல வேலை. ஊர் திரும்பி சொந்தமா ஒரு வானிலை கன்சல்டிங் ஆரம்பிச்சார். 1971-ல ஒக்லஹோமா சிட்டி ரேடியோ. 1972-ல கே.டபிள்யூ.டி.வி., அதாவது சேனல் 9. அப்ப வயசு 33. நேரா ஒரு கோடு போட்ட மாதிரி வந்த கேரியர் இல்லை இது, சுத்திச் சுத்தித்தான் வந்து சேர்ந்திருக்கார்.

வந்து பார்த்தா கையில இருக்கிறது பழைய ரேடார். அது மழை எங்க இருக்குன்னு மட்டும் காட்டும். டொர்னாடோ இருந்தா மேகத்தோட வால் கொக்கி மாதிரி வளைஞ்சு தெரியலாம். தெரியாமலும் போகலாம். இதே சமயத்துல பக்கத்து நார்மன் ஊர்ல இருக்கிற தேசியக் கடும்புயல் ஆய்வகத்துக்காரங்க டாப்ளர் ரேடார் வெச்சு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாங்க. ரயில் கிட்ட வர்றப்ப ஹாரன் கீச்சுன்னும், தாண்டிப் போனதும் தாழ்ந்தும் கேட்குமே, அதே தத்துவம். மழைத்துளி ரேடாரை நோக்கி வருதா, விலகிப் போகுதான்னு வேகத்தோட சொல்லிடும். பக்கத்துப் பக்கத்துல ஒண்ணு வருது, ஒண்ணு போகுதுன்னா நடுவுல என்னமோ சுத்துதுன்னு அர்த்தம். 1973 மே 24-ல யூனியன் சிட்டியை அழிச்ச டொர்னாடோவை ஆரம்பம் முதல் கடைசி வரை இந்த ரேடார்ல பதிவு பண்ணிட்டாங்க. அப்புறம் அந்தப் பதிவை அலசினப்ப, தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே மேகத்துக்குள்ள சுழல் தெரிஞ்சிருக்கு!

இதைப் பார்த்த பிறகு கேரிக்குத் தூக்கம் வருமா? ஆராய்ச்சிக் கூடத்துல இருக்கிற அந்த ரேடார் நம்ம ஸ்டூடியோவுலயும் இருக்கணும்னு முதலாளியை அரிக்க ஆரம்பிச்சார். அலபாமாவுல இருக்கிற ஒரு கம்பெனி செஞ்சு கொடுக்க, 1981-ல சேனல் 9-க்கு டாப்ளர் ரேடார் வந்துச்சு. 1982-ல அதைப் பார்த்து நேரடியா மக்களுக்கு டொர்னாடோ எச்சரிக்கை சொன்னார். டிவி வானிலையாளர் ஒருத்தர் டாப்ளரை வெச்சு எச்சரிக்கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அரசாங்கத்தோட டாப்ளர் ரேடார்கள் 150-க்கு மேல நாடு முழுக்க வந்தது 90-கள்லதான். ஒரு உள்ளூர் டிவி பத்து வருஷம் முந்திக்கிச்சு.

இதுல லாப நோக்கம் இல்லையான்னா, தாராளமா இருந்துச்சு. ஒக்லஹோமாவுல எந்த சேனலோட வானிலைக்காரரை நம்புறாங்களோ அந்த சேனல்தான் ராஜா. மூணு சேனலும் மாத்தி மாத்தி ரேடார், ஹெலிகாப்டர், புயல் துரத்துற கார்னு செலவு பண்ணாங்க. அரசாங்க வானிலைத் துறையில பலருக்கு இது பிடிக்கல. எச்சரிக்கைங்கறது ஒரே வாயில இருந்துதான் வரணும், ஆளாளுக்குச் சொன்னா மக்கள் குழம்பிடுவாங்கன்னாங்க. இந்த வாதத்தை நான் ஒரேயடியா ஒதுக்க மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் அலர்ட் வந்து எழுந்து பார்த்து, ஒண்ணுமில்லைன்னு திரும்பிப் படுத்தவங்களுக்குத் தெரியும். நாலு பொய் அலர்ட் வந்தா அஞ்சாவதுக்கு எவனும் எழுந்திருக்க மாட்டான்.

கேரி இதுக்கு வெச்சிருந்த பதில் ரொம்ப எளிமையானது. பொத்தாம்பொதுவா சொல்லாதே, இன்ன ஊருக்கு இத்தனை மணிக்குன்னு சொல்லு. புயல் போற திசையையும் வேகத்தையும் போட்டா ஒவ்வொரு ஊருக்கும் வந்து சேர்ற நேரத்தைக் காட்டுற மென்பொருள், நிகழ்ச்சி ஓடுறப்பவே திரையோட மூலையில எச்சரிக்கையைக் காட்டுற குட்டி வரைபடம், இதெல்லாம் அவரும் அவர் ஆட்களும் கொண்டு வந்தது. இப்ப டிவி மூலையில் வர்ற அந்தக் குட்டி மேப்பை அமெரிக்காவுல எந்த ஊர்லயும் பார்க்கலாம்.

இதுக்கெல்லாம் பரீட்சை 1999 மே 3-ம் தேதி வந்துச்சு. சாயங்காலம் 6:23-க்கு ஒக்லஹோமா சிட்டிக்குத் தென்மேற்கே தரையைத் தொட்ட டொர்னாடோ, 85 நிமிஷம், 61 கிலோமீட்டர் ஓடுச்சு. நடமாடும் ரேடார் வெச்சு அளந்தப்ப காற்றோட வேகம் மணிக்கு சுமார் 300 மைல். ஃபுஜிட்டா அளவுகோல்ல உச்சமான எஃப்5. பிரிட்ஜ் கிரீக், மூர், ஒக்லஹோமா சிட்டியோட தென்பகுதின்னு ஜனம் நெருக்கமா இருக்கிற இடம் வழியாப் போச்சு. கேரியும் மத்த சேனல்காரங்களும் எந்தத் தெருவைத் தாண்டுது, அடுத்து எந்தச் சந்திப்புன்னு நேரடியாச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. தரைக்கு மேல இருந்தா பிழைக்க முடியாது, கீழே போங்க இல்ல வழியை விட்டு விலகுங்கன்னு கேரி பூசி மெழுகாமச் சொன்னார். வானிலைத் துறையோட நார்மன் அலுவலகம் முதல் தடவையா 'டொர்னாடோ அவசர நிலை'ன்னு அறிவிச்சுது. ஒரு காலத்துல வாயில எடுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்த வார்த்தைக்குப் பக்கத்துல இப்ப 'அவசர நிலை'!

அந்த டொர்னாடோ நேரடியாக் கொன்னது 36 பேரை. வுட்வர்டு ஒரு சின்ன ஊர், 107 பேர். இது பெருநகரம், 36 பேர். நடுவுல இருந்த வித்தியாசத்துல வீட்டுக் கட்டுமானம், சைரன், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனா பெரிய பங்கு முன்கூட்டியே சொன்னதுக்குத்தான்.

இங்கேயே 'சுபம்' போட்டா நல்லா இருக்கும். ஆனா அந்த 36 பேர்ல மூணு பேர் நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு அடியில செத்தாங்க. 1991-ல கான்சாஸ்ல ஒரு டிவி குழு பாலத்துக்கு அடியில ஒதுங்கித் தப்பிச்சது. அந்த வீடியோவை நாடு முழுக்க டிவிகள் திரும்பத் திரும்பப் போட்டுச்சு. அதைப் பார்த்து, பாலத்துக்கு அடியில போனா தப்பிச்சிடலாம்னு ஜனங்க மனசுல பதிஞ்சிடுச்சு. நிஜத்துல பாலத்துக்கு அடியில ஒதுங்குறது மோசமான இடம். பறந்து வர்ற பொருள்கள்ல இருந்து எந்த மறைப்பும் கிடையாது, குறுகலான இடத்துல காற்று இன்னும் வேகமா அடிக்கும். சரியானதைச் சொல்லிக் காப்பாத்தின அதே பொட்டிதான் தப்பான பாடத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கு.

அடுத்தது 2013. மே 20-ம் தேதி மூர் ஊரை மறுபடி ஒரு டொர்னாடோ தாக்கி 24 பேர் போனாங்க. அதுல ஏழு பேர் ஒரே ஆரம்பப் பள்ளிக் குழந்தைங்க. கீழே போங்கன்னு டிவி சொல்லுது சரி, ஆனா அந்தப் பக்கத்துல நிறைய வீடுகளுக்கு நிலவறையே கிடையாது. எங்கே போறது? 11 நாள் கழிச்சு, மே 31-ம் தேதி, எல் ரெனோவுல 4 கிலோமீட்டருக்கு மேல அகலமான டொர்னாடோ. பதிவானதுலயே அகலமானது அதுதான். மூர் ஞாபகம் ஆறாத ஜனங்க. ஒரு சேனல்ல, காரை எடுத்துக்கிட்டு தெற்கே போயிடுங்கன்னு வேற சொன்னாங்க. ஆயிரக்கணக்குல கார்கள் நெடுஞ்சாலையில அசையாம நின்னுடுச்சு. டொர்னாடோ மட்டும் அந்தச் சாலை வழியா நகரத்துக்குள்ள வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே வயித்தைப் பிசையுது. அன்னிக்கு டொர்னாடோவுல செத்த எட்டுப் பேருமே வண்டிக்குள்ள இருந்தவங்க.

1880-கள்ல பயந்த அதிகாரிகள் சொன்ன 'பீதி' இதுதானேன்னு ஒருத்தர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோணல. எச்சரிக்கை சொன்னது தப்பில்லை. எங்க போகணும்னு சொன்ன புத்திமதிதான் தப்பு. மௌனமா இருந்தா அந்தத் தப்பைக் கூடக் கண்டுபிடிச்சுத் திருத்த முடியாது. பாலத்துக்கு அடியில ஒதுங்காதீங்க, கடைசி நேரத்துல கார்ல ஓடாதீங்கன்னு இன்னிக்கு எல்லாரும் சொல்றாங்கன்னா, பேசினதாலதான் அந்தப் பாடம் கிடைச்சுது.

அதே 2013 ஆகஸ்டுல கேரி இங்க்லண்ட் தினசரி வானிலை சொல்றதை நிறுத்திக்கிட்டார். 2025 ஜூன்ல, 85 வயசுல காலமானார். அவர் டாப்ளர் ரேடாரைக் கண்டுபிடிக்கல, டொர்னாடோ கணிப்பையும் கண்டுபிடிக்கல. அதெல்லாம் மில்லர், ஃபாபுஷ், நார்மன் ஆய்வகத்து ஆட்களோட வேலை. அவர் செஞ்சது, விஷயம் தெரிஞ்ச நிமிஷத்துக்கும் அது ஒரு வீட்டு ஹாலுக்குப் போய்ச் சேர்ற நிமிஷத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளியை 41 வருஷமா சுருக்கிக்கிட்டே இருந்தது.

மதிப்பெண் பார்க்கிறவங்களுக்கு, 98.2 சதவீதம் வாங்குற அந்த மௌனசாமி இன்னிக்கும் எல்லா ஆபீஸ்லயும் இருக்கார். 'எதுக்கு வம்பு'ன்னு ரெட்டை மஞ்சளாக்கி ரிப்போர்ட் அனுப்புறவர். நான் ஃபின்லி கட்சி. 100-ல 72 தடவை தப்பாகட்டும் சார், அந்த 28-ஐ எவனாவது சொல்லணுமில்ல?

(எஃப்5-ல வர்ற அந்த ஃபுஜிட்டா ஒரு ஜப்பான்காரர். அவர் கதை தனியா ஒரு பதிவுக்குத் தாங்கும். ஆணி குறைஞ்சதும் எழுதுறேன்.)